செவ்வாய்க்கிழமைக் கடல்

சுவிஸில், பேர்ன் நகருக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் நிலவறைச் சலவை அறைக்குள், 2023 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடல் வந்தது. முழங்காலளவுத் தண்ணீர், இளஞ்சூடு, நல்ல உப்பு. பின்னேரம் வற்றியது. அடுத்த செவ்வாயும் வந்தது. குழாய் திருத்துபவர் குழாய்களில் குறை எதுவும் இல்லை என்று சொல்லி, வந்து பார்த்ததற்கான கூலியை மட்டும் வாங்கிப் போனார்.

கடல் லோவானுவினுடையது. பசிபிக்கில் ஒரு சிறு தீவு நாடு அது. பேர்னில் கூடும் சர்வதேச மரபுரிமைக் குழுவில் அதற்கு ஓர் இருக்கை உண்டு. ஆள் அனுப்ப வசதியில்லாததால், மூன்றாம் மாடியில் வசிக்கும் வழக்கறிஞர் கஜலக்சுமியைப் பிரதிநிதியாக வைத்திருந்தது. போரில் சிக்கிய நாடொன்று தன் நூலகத்துக்கோ கோயிலுக்கோ பாதுகாப்புக் கேட்கும்போது, பெரிய நாடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். லோவானுவின் கை முதலில் உயரும். அயலில் கூரை பறந்தால் கிட்ட இருப்பவர் முதலில் ஓட வேண்டும் என்பது அத்தீவின் வழக்கம். தூரத்தை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கைக்குப் பிறகு மற்றக் கைகளும் உயர்ந்ததால் பல கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

அந்த ஆண்டு லோவானு முதன்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டது: முன்னோரைப் புதைத்த கரை. கரை கடலில் மூழ்கிவிட்டிருந்ததால், குழு பார்வையிட அனுப்பிய கப்பல் அங்கே வெறும் தண்ணீரைத்தான் கண்டது. நேரில் காண முடியாத இடத்தைக் காக்க முடியாது என்பது விதி. வரும் ஏப்ரல் கூட்டத்தில் மனு தள்ளுபடியாகும் நிலையில் இருந்தது.

செவ்வாய், இரண்டாம் மாடி ராசாவின் சலவை முறை. மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்யும் அவர் அந்த நாளைச் சொந்தத் தம்பிக்குக்கூட விட்டதில்லை. ஒருவரின் முறையில் வேறொருவர் உள்ளே போக வீட்டு நிர்வாகமும் விடாது.

"பிள்ளை, உன்ர கடலுக்கு வேற நாள் கிடைக்கேல்லையோ?" என்று படியில் வைத்துக் கஜலக்சுமியைக் கேட்டார்.

"நான் கூப்பிடேல்லை, மாமா. அதுவா வருது."

"அப்ப வரேக்கை சோப்புத்தூளாவது கொண்டுவரச் சொல்லு."

மூன்றாம் செவ்வாய் தண்ணீரோடு கற்களும் வந்தன. பெயர் வெட்டிய பவளக் கல்லறைக் கற்கள், இயந்திரங்களுக்கு நடுவே வரிசையாக நின்றன. கஜலக்சுமிக்குப் பின்னால் உடுப்புக் கூடையோடு இறங்கிய ராசா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது சவக்காலையெல்லோ," என்றார். "செத்த சனத்துக்கு மேல நிண்டு உடுப்புத் தோய்க்கேலாது, பிள்ளை. செவ்வாயை அவைக்கே குடு."

மேலே போய், தலை முழுகிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

நாலாம் செவ்வாய் குழுவின் நிபுணர் பஸ்ஸில் வந்து இறங்கினார். காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இடம் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். ஏப்ரலில் லோவானு தனக்காகக் கை உயர்த்த விதி இடம் தரவில்லை. கஜலக்சுமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எந்த நாட்டின் நூலகத்துக்காக முன்பு கை உயர்த்தினாளோ, அந்த நாட்டின் கை முதலில் உயர்ந்தது.

இப்போது சலவை அட்டவணையில் செவ்வாய்க்கு நேரே லோவானு என்று இருக்கிறது. தீவிலிருந்து யாராவது வந்தால் கஜலக்சுமி சாவியைக் கொடுக்கிறாள். ராசா வியாழனில் தோய்க்கிறார். அவருடைய சட்டைகள் காய்ந்த பிறகும் லேசாக உப்பு மணக்கின்றன. அவர் சோப்புத்தூளை மாற்றவில்லை.