சலவைக் கூடத்தின் பாஷை

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே தமிழ் பேச அவளைத் தவிர ஆள் இல்லை. அந்த ஊர்ப் பாஷையில் அவளுக்கு ஒரு வார்த்தைகூட வராது. இயந்திரத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று கையைப் பிடித்துக் காட்டியவள் ஓர் உள்ளூர்க்காரி. நெடுநெடுவென்று உயரம், சதைப்பற்றே இல்லாத உடம்பு. சோப்புத் தூளைக் காட்டி ஒரு வார்த்தை சொல்வாள். அக்கா தப்பாகத் திருப்பிச் சொன்னால், சிரிக்காமல் மறுபடியும் சொல்வாள்.

பிறகு அக்கா தன் தம்பி மனைவியைச் சேர்த்துவிட்டாள். அவள் தன் சித்தி மகளைக் கூட்டிவந்தாள். உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, அந்த இடமெல்லாம் தமிழ்ப் பெண்களுக்கு வந்தது. அக்கா சூப்பர்வைசர் ஆனாள். துணி மூட்டை இறக்க வரும் உள்ளூர் லாரி டிரைவர்கூட, "அக்கா, சீக்கிரம், சீக்கிரம்!" என்று தமிழில்தான் கத்துவான். அதில் அக்காவுக்குப் பெருமை தாங்காது. கூடத்தில் வேலை செய்த உள்ளூர்க்காரர்களில் அந்த நெட்டைக்காரி மட்டும் மிச்சம்.

சாப்பாட்டு மேஜையில் சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். நெட்டைக்காரி ஓரமாக உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் புன்னகைப்பாள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி.

அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு நிரந்தரமாக ஓர் ஆளைப் போடச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டார். ரத்தமும் சீழும் படிந்த துணிகள். ஜன்னல் கிடையாது. தனியாக நின்று பிரிக்க வேண்டும்.

இஸ்திரி மேஜையின் அந்தப் பக்கம் நெட்டைக்காரி விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் தம்பி மனைவி கெஞ்சினாள்.

"என்னப் போட்டுடாதீங்க அண்ணி. நினைச்சாலே குமட்டுது."

"நம்மாளுங்கள எதுக்குடி போடறேன்? ஒட்டடைக்குச்சி இருக்காளே. மாடு மாதிரி உழைப்பா, வாயத் திறக்க மாட்டா. அவளுக்கு எங்க இருந்தா என்ன? நாம பேசறது ஒரு எழவும் புரியப் போறதில்ல."

நெட்டைக்காரி விரிப்பை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"புரியுது அக்கா," என்றாள். "நாளைக்கு அங்க போறேன்."

தம்பி மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே நெட்டைக்காரி மறுநாள் அந்த அறைக்குப் போய்விட்டாள். வீட்டில் அக்காவுக்கு, அவளை எதிரில் வைத்துக்கொண்டே அவள் நடையை, அவள் தனியாக இருப்பதை, எதையெல்லாம் கேலி பேசினோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து குத்தியது. அந்த அறையின் கதவுவரை போய்த் திரும்பி வந்தவள், ஒருவழியாக உள்ளே நுழைந்து உள்ளூர்ப் பாஷையில் மன்னிப்புக் கேட்டாள்.

"தமிழ்ல சொல்லுங்க," என்றாள் நெட்டைக்காரி, கையுறையைக் கழற்றாமல். "எங்க பாஷைல நீங்க ஆபீசர் மாதிரி பேசறீங்க."

"தப்புப் பண்ணிட்டேன். உங்களுக்கு எப்பலேர்ந்து புரியும்?"

"ரொம்ப நாளா. யாராவது ஒருநாள் எங்கிட்ட பேசுவீங்க, பதில் சொல்லணும்னு கத்துக்கிட்டேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா பேசறத நிறுத்திடுவீங்க."

அக்கா மேலதிகாரியிடம் பேசி, அந்த அறைக்கு எல்லோரும் முறைபோட்டுப் போக வேண்டும் என்று மாற்றினாள். முதல் முறை தானே நின்றாள். "அவளுக்காக நம்மள அந்த நாத்தத்துல தள்ளறீங்களே" என்று தம்பி மனைவி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். நெட்டைக்காரி இஸ்திரி மேஜைக்குத் திரும்பினாள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவளைக் கண்டதும் எல்லோரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். சில நாளில் அவளே அங்கே வருவதை நிறுத்திவிட்டாள். உடனே பழைய சிரிப்பு திரும்பி வந்தது.

ஒருநாள் அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய், இஸ்திரி மேஜையருகே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நெட்டைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மா இருந்தாங்க. போன வருஷம் செத்துட்டாங்க," என்றாள் நெட்டைக்காரி. "லீவு கேட்டேனே. நீங்கதான் குடுத்தீங்க."

லீவு கொடுத்தது அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. எதற்கென்று கேட்ட ஞாபகம் இல்லை. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுங்க," என்றாள்.