நூற்றைம்பத்தைந்து இலக்கம்

வாசலில் வேன் மூன்றாவது தடவை ஹாரன் அடித்தது. கணவர் காலில் ஒரு செருப்பை மாட்டிய முனீஸ்வரி, மற்றதைக் கீழே போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

“எம்புட்டு ஆயிருக்குன்னு பாத்துச் சொல்லு. பொறவுதான் ஏறுவேன்.” ஆவுடையப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஸார், ராஜபாளையத்துல பத்து மணிக்குப் படுக்கணும். லேட்டானா பெட்டை அடுத்தாளுக்குக் குடுத்துருவாவ,” என்று புலம்பினான் டிரைவர் இருளப்பசாமி. “உங்க நம்பர் எங்க ஓடிரப் போவுது?”

“அது ஓடிட்டுத்தாம்லே இருக்கு. நாந்தான் படுத்துக் கெடக்கேன்.”

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, அப்புறம் சிறுநீரகத்தை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், நாளுக்கு நான்கு மணி நேரம். “போதும்ட்டி, விட்டிரு” என்றவரிடம் அவள் அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். யாரும் இதுவரை உடைக்காத நூற்றைம்பத்தைந்து இலக்க எண் ஒன்று. எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று தேடும்படி வீட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். எண் உடைகிறவரை டயாலிசிஸ் ஊசி. உடைந்த மறுநாள் முதல் கிடையாது. பதினோரு மாதமாகக் கரண்ட் போகும்போதெல்லாம் அதைக் கிளப்பிவிட்டதும், எத்தனை சதவீதம் முடிந்தது என்று திரையை வாசித்துச் சொன்னதும் அவள்தான்.

“தொண்ணூத்தொன்பது!” உள்ளேயிருந்து கத்தினாள்.

“முந்தாநாளும் அதானட்டி சொன்ன?”

“அது புள்ளி மூணு. இது புள்ளி நாலு. கடைசில மெதுவாத்தான் போவும்னு நீங்கதான சொன்னீய?”

கதவு நிலையை விட்டு, மற்றொரு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு வேன் படியைக் காலால் துழாவி ஏறினார்.

“நான் வரதுக்குள்ள உடைஞ்சா போன் பண்ணு.”

“பண்ணுதேன்.”

வேன் தெருமுனை திரும்பியதும் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பத்து நாளைக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க ஆண்டாள் தேருக்குப் பின்னால் போயிருந்த பகலில், அவர் அசந்து தூங்கும்போது, திரையில் இரண்டு நீள எண்கள் வந்து நின்றன. ஒன்று ஏழில் முடிந்தது, மற்றது மூன்றில். ஏழு மூன்று இருபத்தொன்று. பெரிய எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று. அவளுக்குத் தெரிந்த சரிபார்ப்பு அவ்வளவுதான். வேலை முடிந்து கம்ப்யூட்டர் ஃபேன் இரைச்சல் அடங்கினால் விழித்துவிடுவாரே என்று, இரண்டையும் அழித்தாள். அதே எண்ணை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இப்போது திரையில் மூன்று சதவீதம்.