கர்னலின் பூட்ஸும் விட்னியின் பக்கமும்

ஐந்தரைக்கு எழுந்தேன். காபி போட்டேன். இரண்டு முட்டை வறுத்தேன். பின்வாசல் கம்பத்தில் மாட்டியிருக்கும் மழைமானியைப் பார்த்தேன். கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சமையலறை நாள்காட்டியில் ஜூன் பதின்மூன்றின் கட்டத்தில் எழுதினேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு மழைமானியை மறுபடி மாட்டினேன். தட்டைக் கழுவினேன். சட்டை போட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் நீலப் பாத்திரம் இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கதவைப் பூட்டினேன்.

பிப்ரவரியில் என் மனைவி விட்னி இறந்தபோது இந்த வீட்டுக்கு இருபத்து மூன்று பாத்திரங்கள் வந்தன. எங்கள் ஊர் டன்லோவில் யார் செத்தாலும் பாத்திரங்கள் வரும். கோழியும் நூடுல்ஸும், உருளைக்கிழங்கும் சீஸும், மேலே நொறுக்கிய சிப்ஸ். ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப்பில் பெயர் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பெயரைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். துக்க வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகக் கொடுக்கலாம். இரவல் பாத்திரத்தைக் காலியாகக் கொடுத்தால் ஊர் பேசும்.

இருபத்து மூன்றையும் ஏப்ரலுக்குள் கொடுத்துவிட்டேன். நீலப் பாத்திரம் அந்தக் கணக்கில் வராது. அது போன நவம்பரில், நன்றித் திருநாள் விருந்துக்கு விட்னி இரவல் வாங்கியது. அடியில் 'வெ. டீட்ரிக்' என்று இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு மூடியும் இருந்தது.

ஏழு மணிக்குப் பெட்ரோல் பங்க் கடையில் ஜன்னலோர மேசைக்குப் போனேன். லைல் இருந்தார். ஊர்ப் பத்திரிகையை நடத்துபவர், அச்சகமும் அவருடையதுதான். எதிரே ஆர்லோ. பக்கத்து ஊரான விக்கரில் சோளமும் பன்றியும் வளர்ப்பவர். தினமும் பன்னிரண்டு மைல் வண்டி ஓட்டி வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார்.

"வாடா ட்ராவிஸ். எவ்ளோ?" என்றார் ஆர்லோ.

"கால் இஞ்ச் கூட இல்ல."

"எங்க விக்கர்ல முக்கால் இஞ்ச். ஆண்டவனுக்கு யார் மேல பிரியம்னு பாத்துக்க."

"மழையையாவது வெச்சுக்கங்கப்பா," என்றார் லைல். "ரெக்கார்டு பூரா எங்ககிட்டதான இருக்கு."

"திருட்டுப் பசங்க."

நூற்றைம்பது வருடமாக இதே பேச்சுத்தான். 1874 மார்ச்சில் எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, எது தலைநகர் என்று ஓட்டெடுப்பு நடந்தது. டன்லோ ஜெயித்தது. டன்லோவில் அப்போது இருந்த ஆட்களைவிட விழுந்த ஓட்டு அதிகம். விக்கர் ஒப்புக்கொள்ளவில்லை, பத்திரப் பதிவேடுகளைத் தர மறுத்தது. நாற்பது டன்லோக்காரர்கள் பனிச்சறுக்கு வண்டிகளோடு போய்ப் பதிவேடுகளையும் இரும்புப் பெட்டியையும் தூக்கி வந்தார்கள். குளிருமே என்று அந்த அலுவலகத்தின் கணப்படுப்பையும் சேர்த்துத் தூக்கி வந்தார்கள்.

கூட்டிப் போனவர் கர்னல் ஏமோஸ் டன்லோ. கர்னல் என்பது அவரே வைத்துக்கொண்ட பட்டம். உள்நாட்டுப் போரில் அவர் சமையல் கூடாரத்தில் இருந்தார். எங்கள் கோர்ட் கட்டடத்தில் நுழைந்ததும் சுவரில் அவருடைய ஓவியம் இருக்கும். படிக்கட்டில் நின்று கையை உயர்த்தியிருப்பார். கீழே பொன்னெழுத்தில்: "இன்று முதல் சட்டம் இங்கே குடியிருக்கும்."

விட்னி இல்லையென்றால் அதுவே சரித்திரமாக நின்றிருக்கும். நூற்றைம்பதாவது ஆண்டுக்குக் கவுண்டி வரலாற்றுப் புத்தகம் போட ஒரு குழு அமைத்தார்கள். விட்னி செயலாளர். ஒரு பழைய பெட்டியில், அன்றைய கோர்ட் எழுத்தரின் மனைவி தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தை எடுத்தாள். அந்த அம்மாள் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். கர்னல் படியேறினாராம், கூட்டத்தைப் பார்த்தாராம், குனிந்து தன் காலைப் பார்த்தாராம். பிறகு சொன்னது ஒரே வரி: "என் இன்னொரு பூட்ஸ் எங்கே?"

அது விக்கரில் பனி உருகிய சேற்றில் மாட்டிக்கொண்டது.

"அந்த பூட்ஸ் இன்னும் எங்ககிட்டதான் இருக்கு," என்பார் ஆர்லோ. "பதிவேட்டக் கொண்டாங்க, தர்றோம்."

லைல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நாளைக்குப் பத்து மணிக்குப் புத்தகம் மெஷின்ல ஏறுது. விட்னியோட பக்கம் இது. சரியான்னு பாத்துச் சொல்லு."

பக்கம் 212. விட்னி கோர்ட் புல்வெளியில் நிற்கும் படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். படத்துக்குக் கீழே மேற்கோள் குறிக்குள்: "புத்தகத்தை முடித்துவிடுங்கள்." அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: 'கணவரிடம் கடைசியாகச் சொன்னது.'

"நல்லா வந்துருக்குல்ல?" என்றார் லைல்.

"எங்க ஊர்ல கூட இதையே சொல்லிக்கறாங்க," என்றார் ஆர்லோ. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கிண்டல் செய்யவில்லை. "ஜூலை நாலு ஊர்வல வண்டில வேற எழுதறாங்களாமே."

அவள் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மிஸஸ் டீட்ரிக் வந்தார். குழுவின் தலைவி. எண்பது வயது. எனக்கு நாலாம் வகுப்பு ஆசிரியை, அதனால் இன்றும் என் வாயில் 'வெர்னா' என்று வராது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கடைசியா ஏதாவது சொன்னாளா, கண்ணு?"

அவள் சொன்னதை டன்லோவில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். மிஸஸ் டீட்ரிக் தலையசைத்தார். கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கர்னலின் வரிக்காக விட்னி குழுவோடு ஐந்து மாதம் சண்டை போட்டாள். மிஸஸ் டீட்ரிக்கின் கணவர் கர்னலின் கொள்ளுப்பேரன். சட்டமா பூட்ஸா என்று ஓட்டுப் போட்டார்கள். நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பூட்ஸ் ஜெயித்தது. அன்றைக்கு விட்னி ஒரு அட்டையில் எழுதிக் குழு அறையின் கணினிக்கு மேலே ஒட்டினாள்: 'கூட இருந்தவர் சாட்சி இல்லாமல் மேற்கோள் குறி கிடையாது.'

பக்கம் 212க்குச் சாட்சி நான். அவள் போட்ட புத்தகத்தில், அவள் பக்கத்தில், அவள் சொல்லாத வார்த்தை. நாளை பத்து மணிக்கு மேல் அதுவே சரித்திரம்.

"லைல், இந்த வரிய எடுத்துட முடியுமா?"

"ஏன்? எழுத்துப் பிழையா?"

"இல்ல. சும்மா."

"சும்மால்லாம் எடுக்க முடியாதுப்பா. தலைவி கையெழுத்துப் போட்டாச்சு. அவங்க சொல்லணும்."

"நீங்க கேளுங்களேன்."

"நானா? அவங்க எனக்கும் நாலாங்கிளாஸ் டீச்சர்டா."

"எனக்கு இல்லப்பா," என்றார் ஆர்லோ. "விக்கர்ல பொறந்ததுக்கு இது ஒண்ணுதான் லாபம்."

எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறந்தேன். நான் கோர்ட்டில் பத்திரப் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். திருடி வந்த பதிவேடுகள் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. முதல் தொகுதியின் அட்டையில் விக்கர் சேறு இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்கக் கூடாது என்று கவுண்டி தீர்மானமே உண்டு. காலையில் மூன்று பத்திரங்கள் பதிவாயின. ஒருவர் தன் வேலி பக்கத்து நிலத்துக்குள் நாலடி போயிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, பார்க்காத மாதிரி பதிவேட்டை மூடிவைத்தார். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நண்பகல் சங்கு ஊதியது. வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் விட்னி போட்ட பாத்தியில் ஸ்ட்ராபெர்ரி காய்த்திருந்தது. பறித்தேன். நீலப் பாத்திரத்தில் பாதி வரை வந்தது. தூக்கிக்கொண்டு மூன்று தெரு நடந்தேன்.

மிஸஸ் டீட்ரிக் கதவைத் திறந்தார். முதலில் என் காலணியைப் பார்த்தார்.

"தொடச்சுட்டு உள்ள வா."

துடைத்தேன். பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

"நவம்பர்ல போனது," என்றார். "திரும்பி வந்துச்சே, அதுவே பெருசு." ஒரு ஸ்ட்ராபெர்ரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு பாத்திரத்தை. "மூடி எங்க?"

"அதப் பத்தியும் பேசணும், மிஸஸ் டீட்ரிக்."

"அதப் பத்தியும்னா? வேற எதப் பத்தி?"

"பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

"ரெண்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"இருக்கு." உட்கார்ந்தேன். "விட்னி அப்படிச் சொல்லல. நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் உட்காரவில்லை. ஸ்ட்ராபெர்ரியைப் பாத்திரத்திலேயே திருப்பி வைத்தார்.

"நாலாங்கிளாஸ்ல நீ பொய் சொன்னா காது செவக்கும்," என்றார். "அன்னிக்கு சர்ச்சுலயும் செவந்துச்சு. நான் குளிருன்னு நெனச்சேன்."

"தப்புதான்."

"ஊர்வல வண்டில எழுதியாச்சு. நாப்பது அடித் துணி. சாயம் அடிச்சது நானும் ரெண்டு கெழவிங்களும், முட்டி போட்டுக்கிட்டு."

"தெரியும்."

"என்ன தெரியும்? கர்னலுக்காக நான் எவ்ளோ கெஞ்சுனேன் தெரியுமா? செவுத்துல எழுதியிருக்கு, அம்பது வருஷமா பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துருக்கேன், விட்டுடும்மான்னேன். 'சாட்சி இருக்கா, மிஸஸ் டீட்ரிக்?'னு கேட்டா. இப்படி, தலையச் சாச்சுக்கிட்டு. என் வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா புத்தகத்துல ஒத்த பூட்ஸோட நிக்கறாரு. அவ மட்டும் அவ புத்தகத்துலயே..." நிறுத்திக்கொண்டார்.

"அதனாலதான் வந்தேன்," என்றேன்.

மிஸஸ் டீட்ரிக் இழுப்பறையைத் திறந்து சின்ன நோட்டை எடுத்தார். பென்சில் முனையைப் பார்த்தார். எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லு. அவ சொன்னத அப்படியே சொல்லு. அழகுபடுத்தாத."

"வேற யார்கிட்டயாவது சொல்லட்டுமா? லைல்கிட்ட?"

"ஏன், என்கிட்ட சொன்னா என்ன?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

அவர் புருவம் மட்டும் உயர்ந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் புருவம் உயர்ந்தால் வகுப்பே அடங்கிவிடும்.

"சாட்சி நீ. சொல்லுடா."

சொன்னேன். வியாழக்கிழமை காலை. விட்னியின் இதயத்தில் தொற்று, பதினோராவது நாள். மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைப்பதற்காக நர்ஸ் காத்துக்கொண்டிருந்தார். விட்னி ஆக்சிஜன் முகமூடியைக் கையால் இழுத்து இறக்கினாள். அவ்வளவு முக்கியமாக என்னமோ சொல்லப் போகிறாள் என்று நான் குனிந்தேன். இரண்டு வாக்கியம். அந்த இரண்டையும் சொன்னேன்.

மிஸஸ் டீட்ரிக் எழுதிக்கொண்டே வந்தார். முதல் வாக்கியத்தை எழுதி முடித்தார். இரண்டாவதில் பென்சில் நின்றது. நீலப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் எழுதினார். முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கப்புறம் குழாய் வெச்சுட்டாங்க."

எழுதியதை ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"இத எப்படிப் போடறது, வரிய மட்டும் எடுத்துடலாம்," என்றேன்.

"கர்னலுக்கு ஒரு சட்டம், அவளுக்கு ஒரு சட்டமா? சாட்சி இருக்கு. போட்டுத்தான் ஆகணும்."

எழுந்து சுவர் ஃபோனில் எண்களை அழுத்தினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"லைல், வெர்னா பேசறேன். இருநூத்திப் பன்னெண்டு. இருக்கற வரிய அடிச்சுட்டு நான் சொல்றத எழுதிக்க. பென்சில் இருக்கா? ... எழுதிட்டியா? திருப்பிப் படி. ... ஆமா, என் பேருதான். ... சிரிக்காதடா. ... நான் எங்க சிரிக்கறேன்?"

அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அது சிரிப்பா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் திரும்பவில்லை. நான் ஒரு ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்டேன். புளித்தது.

"அந்தத் துணிய என்ன பண்றது?" என்றேன்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. சனிக்கிழமை வா. இந்தத் தடவை முட்டி போடறது நீ."

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் நடந்தது. காலையில் மழைமானி காலி. தீயணைப்பு வண்டி, நாலு டிராக்டர், பள்ளி பேண்டு, எங்கள் வண்டி. துணியில் 'டன்லோ 150' என்று மட்டும் எழுதியிருந்தோம். அதற்குப் பின்னால் விக்கரின் வண்டி. ஆர்லோ அதில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் சிவப்புத் தலையணை, அதன் மேல் சேறு பூசிய ஒற்றை பூட்ஸ். கோர்ட் படிக்கட்டு வந்ததும் தலையணையை உயர்த்திக் காட்டினார். டன்லோக்காரர்கள்தான் அதிகம் கைதட்டினார்கள்.

புல்வெளியில் மடக்கு மேசை போட்டு மிஸஸ் டீட்ரிக் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேப்பிள் மர நிழலுக்குப் போய்ப் பிரித்தேன். பக்கம் 212. விட்னி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கீழே, மேற்கோள் குறிக்குள், அவள் சொன்னது:

"அந்த நீலப் பாத்திரம் மிஸஸ் டீட்ரிக்கோடது, மறக்காம குடுத்துடு. மூடிய நான்தான் ஒடச்சேன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாத."