ஐந்து மணிப் பள்ளம்

…பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கிறது, காசைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஐந்து மணிக்கு நேராக, விளிம்பை ஒட்டி, ஊசிமுனை அளவுக்கு. காசை விற்றபோது அப்பா எழுதிக் கொடுத்த தரச் சீட்டும் அதையே சொல்கிறது, சாய்வே இல்லாத அந்த விறைப்பான எழுத்தில், ‘அசல் வெள்ளி. ஐந்து மணியில் சிறு அடி. மற்றபடி பழுதில்லை.’ உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் என் முகத்தைப் பார்த்துவிடுவாள். காசைத் திருப்பினேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தரம் சொல்பவன் இந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம், நான் ஒரு நாளும் மீறியதில்லை. மறுபக்கத்தில் எதுவும் இல்லை. மறுபடி பள்ளத்துக்கே வந்தேன். அடிபட்ட வெள்ளி ஓரத்தில் பிதுங்கி நிற்கும், இது பிதுங்கவில்லை, உள்ளே உருண்டையாக, வழுவழுவென்று… உருக்கி ஊற்றும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ். அச்சில் அடித்த காசில் குமிழ் ஏது? இது வார்ப்பு. போலி. அப்பா இதை அடி என்றா நினைத்தார்?

“என்ன சார், தேறுமா?” என்றாள். “பொறும்மா.” “எங்கப்பா சாகுற வரைக்கும் இந்தக் காசைத் திட்டினாரு சார், ஆனா சீட்டை மட்டும் பத்திரமா வச்சிருந்தாரு.” அவள் அப்பா… முப்பத்து நாலு வருடத்துக்கு முன்னால் கடை நிறைய ஆள் இருக்கும்போது இதே கண்ணாடி மேல் இந்தக் காசைப் போலி என்று விட்டெறிந்தவர். அப்பா குனிந்து பார்த்தார், “இது நான் கொடுத்த காசு இல்ல” என்றார், அவ்வளவுதான். காசை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது என் தம்பி. வழியில் மாற்றிவிட்டான் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, “அண்ணா, அவர்கிட்ட இருக்கிற சீட்டை வாங்கி ஒரு தடவை பாருங்க, போதும்.” அப்பா எழுதியதைச் சரிபார்க்க வாடிக்கையாளர் வாசலில் போய் நிற்பதா, நம் குடும்பத்து ஆளா அதைச் செய்வது? “வெளியே போடா” என்றது அப்பா என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்… இல்லை, அப்பா வாயே திறக்கவில்லை. நான்தான். மாற்றிய காசிலும் அதே ஐந்து மணியில் அதே பள்ளம் எப்படி வரும்? அடுத்த வாரமே சீட்டு எழுதும் வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார், பிறகு பேனாவைத் தொடவே இல்லை. எனக்குப் பட்டம் கட்டியதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்படியென்றால் அவருக்கு… தெரிந்திருக்குமோ?

‘வார்ப்பு. போலி’ என்று புதுச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “அப்ப உங்கப்பா எழுதினது?” “தப்பு.” அந்தச் சொல்லை அப்பாவின் பெயரோடு சேர்த்து நான் சொன்னதே இல்லை. அவள் சிரித்தாள், “இதைச் சொல்ல முப்பத்தி நாலு வருஷமா சார்? எங்கப்பா இருந்திருந்தா உங்களுக்கு மாலையே போட்டிருப்பாரு.” வலித்தது, வாங்கிக்கொண்டேன். பழைய சீட்டை மட்டும் கேட்டேன். “காசையும் சேத்து வச்சுக்குங்க, எங்க வீட்டுக்கு அது வேணாம்.” கதவு மூடிக்கொண்டது. தராசுப் பெட்டி, ஏடு படிந்த டீ, எதிரே காலி நாற்காலி… மாடியில் கூப்பிட ஆளில்லை, அப்பாவும் போய்விட்டார். இதைத் தம்பிக்கு அனுப்பிவிட வேண்டும், சீட்டையும் காசையும் சேர்த்து, வேறு ஒரு வரியும் வேண்டாம், பார்த்தால் அவனுக்கே புரியும். உறையை எடுத்து இரண்டையும் உள்ளே வைத்து ஒட்டி, அவன் பெயரை எழுதினேன், பெயருக்குக் கீழே… எந்த ஊர்? இத்தனை வருடத்தில் அவனிடமிருந்து மூன்று கடிதம் வந்தன, கடைசியாக வந்தது தடிமனாக, கல்யாணப் பத்திரிகை மாதிரி, மகளுக்கா மகனுக்கா, எத்தனை பிள்ளைகள் அவனுக்கு? முன்பக்கத்தில் அவன் எழுத்தைப் பார்த்ததுமே ‘வாங்க மறுப்பு’ என்று விறைப்பாக எழுதித் தபால்காரரிடமே நீட்டினேன். “பின்னாடி விலாசத்தையாவது பாருங்க சார்” என்றார் அவர், “தேவையில்ல” என்றேன். மூன்று உறைகள்… ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை.