பூதலிங்கம் பிள்ளையின் எடைச் சாக்கு

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, புரட்டாசி மாதம் சத்தியதாஸ் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயைச் சாராய விளக்கின் நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் நீல மருந்து, அதில் பூதலிங்கம் பிள்ளையின் சிறுநீர் எட்டுச் சொட்டு. நீலம் கொதித்துப் பச்சையாயிற்று. அதற்குமேல் மாறவில்லை.

"பச்சை நல்லதா, கெட்டதா?" என்றார் பிள்ளை.

"கெட்டதுக்குப் பாதி வழி. செங்கல் நிறம் வந்தா முழு வழி. உம்ம நீரிலே சர்க்கரை இருக்கு, பிள்ளைவாள். இப்போ கொஞ்சம்தான். உடம்பைக் குறைச்சா மருந்தே வேண்டாம்."

பிள்ளை நம்பவில்லை. ஆரியசாலைக் கடைவீதியில் இருபத்தெட்டு வருஷமாகச் சுக்கு மொத்த வியாபாரம். எதிரே நிற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று வைத்துக்கொண்டுதான் அவர் யாரிடமும் பேச்சைத் தொடங்குவார். ஆனால் பயம் வந்துவிட்டது. அவருடைய அண்ணாச்சி அழகியநம்பி பிள்ளை இதே நோயில்தான் போனார். தேர் மாதிரி இருந்த மனுஷன். ஓர் ஐப்பசியில் இளைக்கத் தொடங்கினார். கார்த்திகையில் கைத்தோல் வாழைச்சருகாகத் தொங்கிற்று. தை பிறந்தபோது கட்டிலில் போர்வைதான் கிடப்பதாகத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் உள்ளே ஆள் தெரியும்.

டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். "மழை விட்டு வெயில் காயுத மாசம் இது. நாஞ்சில்நாட்டிலே கன்னிப்பூ அறுவடை முடிஞ்சு புது அரிசி வரும், கிழங்கு வரும். அதெல்லாம் உமக்கு ஆகாது. பாகற்காயும் வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் இந்த மாசத்திலேதானே கிடைக்கு, அதைத் தின்னும். கேப்பைக் கஞ்சி குடியும். காலையிலே கரமனைப் பாலம்வரை நடந்துட்டு வாரும். கார்த்திகை தீபத்துக்குள்ளே இருபது றாத்தல் குறையணும்."

"குறைச்சிருவோம்."

"இன்னொண்ணு கேட்டுக்கிடும். மெல்ல மெல்லக் குறைஞ்சா நல்லது. திடுதிப்புன்னு குறைஞ்சா, சர்க்கரை உடம்பைத் தின்னுதுன்னு அர்த்தம். அப்போ யோசிச்சு நிக்கப்படாது. ஓடி வரணும்."

மூலையில் நின்ற மேடைத் தராசைக் காட்டி, ஏறி நிற்கச் சொன்னார் டாக்டர். பிள்ளை ஏறவில்லை. "எங்கிட்ட தராசு இல்லாமலா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார்.

தராசு இருந்தது. கடை உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு, இரண்டு பக்கமும் பலகைத் தட்டு. படிக்கல் விஷயத்தில்தான் பிள்ளைக்குச் சந்தேகம். இரும்புக் கல்லின் அடியில் ஈயம் ஊற்றிய குழி இருக்கும். ஈயத்தைச் சுரண்டினால் கல் இளைத்துப்போகும், மேலே அடித்த சர்க்கார் முத்திரை அப்படியே இருக்கும். இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கடைவீதியில் யாரும் கேட்டதில்லை. சந்தையில் ஓடுகிற கல்லை உயிர்க் காரியத்துக்கு அவர் நம்புவாரா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடை திறக்கும் முன் ஒரு தட்டில் பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்தார். மறு தட்டில் ஒரு சாக்கை நிறுத்தி, தராசுக்காரன் நயினார் சுக்கைக் கொட்டினான். நன்றாகக் காய்ந்த சுக்கு, கையால் ஒடித்தால் சுள்ளி மாதிரி சத்தம் கேட்கும். பத்து றாத்தல் பொட்டலமாகப் பத்தொன்பது பொட்டலம் போனபோது முள் நடுவே நின்றது. பிள்ளை இறங்கி வந்து சாக்கின் வாயைத் தாமே தைத்தார். முடிச்சில் அரக்கை உருக்கி விட்டு மோதிரத்தை அழுத்தினார். சாக்கைப் பின்சுவரோரம் நிறுத்தச் சொன்னார்.

"இதுலே யாரும் கை வைக்க முடியாது. இது மாறாது. இனி நான்தான் மாறணும்" என்றார்.

"செரி மொதலாளி" என்றான் நயினார். அவனுக்கும் ஐம்பது வயதாகிறது. பதினாறு வருஷமாகத் தினமும் கடை பூட்டும்போது மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.

கரமனை ஆற்றிலிருந்து ஏறக்குறைய ஒரு றாத்தல் கனமுள்ள கூழாங்கற்களாகப் பொறுக்கிவந்து ஒரு பெட்டியில் வைத்தார் பிள்ளை. வெள்ளிதோறும் சாக்குக்கு எதிரே உட்கார வேண்டியது. முள் நடுவுக்கு வர அவர் மடியில் எத்தனை கல் வைக்கிறார்களோ, அத்தனை றாத்தல் அவர் குறைந்திருக்கிறார். இருபது கல் ஏறினால் ஜெயம்.

வீட்டில் மனைவி சிவகாமியம்மாள் டாக்டர் சொன்னதற்கு ஒரு படி மேலே போனாள். காலையில் நெல்லிக்காய்ச் சாறு, மத்தியானம் பாகற்காய், ராத்திரி கேப்பைக் கஞ்சி.

"ஏட்டி, இதை மாடு தின்னுமா?"

"மாட்டுக்குச் சக்கரை வியாதி இல்லையே. அது ஏன் திங்கணும்?"

"நாக்கு செத்துப்போச்சு."

"நாக்குதானே. போட்டும்."

பிள்ளை தின்றார். விடியும் முன் கரமனைப் பாலம்வரை போய் மூச்சிரைக்கத் திரும்பினார். முதல் வெள்ளியில் ஒரு கல் ஏறியது. அடுத்த வெள்ளியில் இரண்டு. "கொள்ளாம்" என்று தம் வயிற்றைத் தாமே தட்டிக்கொண்டார். அந்த இரண்டு வாரமும் அவர் யாரையும் திட்டவில்லை என்று கடைவீதியில் பேச்சு.

ஐப்பசி பிறந்தது. மத்தியானம் தாண்டினால் மலைப்பக்கம் கறுக்கும். நாலு மணிக்கு இடி, அதன்பின் ஓடு பிளக்கிற மழை. கடைக்குள் சுவரெல்லாம் வியர்த்தது.

மூன்றாம் வெள்ளி ஐந்து கல் ஏறியது. பிள்ளை சிரித்தார். நாலாம் வெள்ளி ஒன்பது கல் ஏறியது. சிரிப்பு வரவில்லை. ஒரே வாரத்தில் நாலு றாத்தல். டாக்டர் சொன்ன 'திடுதிப்பு' இதுதானோ?

"இன்னொரு தடவை பாரு வே."

நயினார் முள்ளைப் பிடித்து நிறுத்தி மறுபடி விட்டான். ஒன்பது கல்தான். அவன் பின்சுவரைப் பார்த்தான். "மொதலாளி, அந்தச் சாக்கு..."

"சாக்குக்கு என்ன? அரக்கு அப்படியே இருக்கு, பாத்தேன். நீ கை வச்சியா?"

"நான் என்னத்துக்கு வைக்கேன்?"

"பின்னே என் சாக்கைப் பத்தி நீ பேசாதே. வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

நயினார் வாயை மூடிக்கொண்டான்.

அன்றே பிள்ளை டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். துண்டை எடுத்துத் தோளில் போட்டு வாசல்வரை போகவும் செய்தார். அண்ணாச்சியும் டாக்டரிடம் போனவர்தானே என்ற நினைப்பு அங்கே வந்து காலைக் கட்டிற்று. அண்ணாச்சி நடந்து போனார், ஆட்கள் தூக்கி வந்தார்கள். டாக்டர் வாயால் 'முடிஞ்சுது' என்று கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று பட்டது. கரைகிற உடம்பைத் தின்று நிறுத்தினால் என்ன? அடுப்பு அணைகிறதென்றால் விறகு போடுகிறோம். அவ்வளவுதானே.

வீட்டில் பாகற்காயைத் தின்றுவிட்டு வந்து, கடையில் அவித்த ஏத்தன் வாழைப்பழம் நாலு தின்றார். இரண்டு நாளில் அது போதவில்லை. சாலைத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில், முதுகை வாசலுக்குக் காட்டி உட்கார்ந்து, கன்னிப்பூ புதுச்சோறு இரண்டு தட்டும் சேனைக்கிழங்கு எரிசேரியும் தின்றார். புதுச்சோறு பசைபோலத் தொண்டையில் இறங்கியது. ருசியெல்லாம் தெரியவில்லை. குழிக்கு மண் தள்ளுகிறவன் மாதிரி தள்ளினார். காலை நடையையும் நிறுத்திவிட்டார். நடந்தால் இன்னும் கரையுமே. வீட்டுக்குத் தெரியாமலிருக்க விடியும் முன் கிளம்பி, கடைச் சாவடியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

ஐந்தாம் வெள்ளி பன்னிரண்டு கல் ஏறியது.

இவ்வளவு தின்றும் பன்னிரண்டு. பிள்ளை கல்லைப் பெட்டியில் திரும்ப வைக்கும்போது இரண்டு கல் கைநழுவிக் கீழே விழுந்தன. அன்றிலிருந்து அவர் கண் எதைப் பார்த்தாலும் அண்ணாச்சியைப் பார்த்தது. கண்ணாடியில் கன்னம் ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது. இடுப்பில் அரைஞாண் கயிறு இறுக்கியது. இளைக்கிறவனுக்குக் கயிறு தளரத்தானே வேண்டும் என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அடுத்த நிமிஷம், இது நீர் கோத்த வீக்கம் என்று முடிவு கட்டினார். அண்ணாச்சிக்கும் கடைசியில் இப்படித்தானே வீங்கிற்று.

தீபாவளி வந்தது. முந்திரிக்கொத்தும் அதிரசமும் வீட்டில் அடுக்கியிருந்தன. சிவகாமியம்மாள் பேருக்கு ஒன்று கொடுத்துப் பானையை மூடினாள். அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் பிள்ளை பானைக்குள் கையை விட்டு ஒன்பது தின்றார்.

அதன்பின் தாகம் வந்தது. செம்பு செம்பாகக் குடித்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மணிக்கொரு தடவை கடைக்குப் பின்னால் ஓடினார். ஒரு நாள் காலையில் அங்கே குனிந்து பார்த்தார். அவர் நேற்று ஒதுங்கிய இடத்தில், மழைத்தண்ணீர் படாத சுவரடியில், கட்டெறும்பு கறுப்பாக மொய்த்திருந்தது. பிள்ளை காலால் மண்ணைத் தள்ளி மூடினார். மண்ணின்மேலும் எறும்பு ஏறி வந்தது.

"என்ன ஒரு மாதிரி இருக்கிய? முகம் வீங்கிக் கெடக்கே" என்றாள் சிவகாமியம்மாள்.

"ஒண்ணுமில்லே. நடந்த களைப்பு."

"நடந்தா முகமா வீங்கும்?"

அவர் கடைக்குக் கிளம்பினார். அன்று ஆறாம் வெள்ளி.

நயினார் கல்லை வைக்க வைக்க முள் அசையாமல் நின்றது. பன்னிரண்டு, பதினாலு, பதினாறு. பதினேழாவது கல்லில் முள் நடுவே வந்தது. பிள்ளை இறங்கக் காலை நீட்டினார். தரை எங்கோ கீழே போயிற்று. கல்லெல்லாம் உருள, அவரும் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் பூச்சி பறந்தது.

"வே நயினாரே," என்றார். குரல் சன்னமாக வந்தது. "நான் போயிருவேன் வே. அண்ணாச்சி மாதிரியே போறேன்."

நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு வருஷத்தில் அந்தக் கையைத் தொட்டதில்லை.

"மொதலாளி, கோவிச்சுக்கப்படாது. சாக்கை அறுக்கட்டா?"

பிள்ளை அவன் கையை விட்டார். நயினார் கத்தியை எடுத்து அரக்கு முத்திரைக்குக் கீழே ஒரு கிழி கிழித்தான். பூசணம் நாறியது. ஒரு துண்டுச் சுக்கை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தான். மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. பிள்ளை அதை ஒடித்தார். ஒடியவில்லை. ஊறின தோல்மாதிரி வளைந்தது.

காய்ந்த சுக்கு ஐப்பசி மழையில் ஈரம் குடித்துக் கனக்கும் என்பது ஆரியசாலையில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கனத்தை நம்பியே மழைக்கு முன் வாங்கி மழையில் விற்றவர் பிள்ளை. இந்தச் சாக்கோ ஒழுகுகிற சுவரில் சாய்ந்து நாலு வாரம் குடித்திருக்கிறது; அது கனத்த கனத்துக்குத்தான் அவர் மடியில் கல் ஏறியிருக்கிறது. கள்ளனுக்குப் பயந்து அரக்கு வைத்தாரே தவிர, மழைக்கு ஒரு பலகை போடவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"மொத மழையிலேயே தெரியும்."

"ஏன் வே சொல்லல்லே?"

"சொல்லத்தானே வந்தேன். வாயை மூடுன்னீங்க."

பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. நோயில்லை, கரையவில்லை, சாக்குதான் ஏமாற்றியிருக்கிறது என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாய் உலர்ந்து, செம்பைத் தேடிக் கை போயிற்று. பாதிச் செம்பு குடித்தபோது சிரிப்பு நின்றது. சாக்குக்கு ஈரம், சரி. இந்தத் தாகம் யாருடையது? அந்த எறும்பு எதைத் தேடி வந்தது? இல்லாத இளைப்புக்குப் பயந்து இரண்டு வாரமாக உள்ளே தள்ளிய புதுச்சோறும் கிழங்கும் பழமும் அதிரசமும் எங்கே போயின?

இப்போது வந்த பயத்துக்கு முன் இதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

"நயினாரே, ஒரு வண்டி பிடி. டாக்டர்ட்ட போணும். நீயும் வா."

சத்தியதாஸ் டாக்டர் குழாயை நெருப்பில் காட்டினார். நீலம் பச்சையாகவில்லை. பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, ஒரே பொங்கலில் செங்கல் நிறமாகக் கீழே படிந்தது. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மேடையிலே ஏறும்" என்றார் டாக்டர்.

பிள்ளை ஏறினார். டாக்டர் தராசுத் தண்டில் ஓடும் எடைக்குண்டை நகர்த்தக் கையை நீட்டியபோது தடுத்தார். "நீங்க வேண்டாம். நயினாரு பாக்கட்டும்."

நயினார் அந்தத் தராசை மேலும் கீழும் பார்த்தான். குண்டைத் தள்ளினான், கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான், விரலை எடுத்தான்.

"இருநூத்தி நாலு மொதலாளி."

"நூத்தித் தொண்ணூறு இருந்தேனே."

"பதினாலு ஏறியிருக்கு."

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் பிள்ளையை இன்னும் பயமுறுத்தியது. "இனி பாகற்காயும் நடையும் மட்டும் போதாது. அதுவும் வேணும், இன்சுலின் ஊசியும் வேணும். தினமும் ரெண்டு வேளை."

"எத்தனை நாளைக்கு?"

"நீர் இருக்கிற நாள் மட்டும்."

"இருப்பேனா?"

"சொன்னதைக் கேட்டா இருப்பீர். இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா இந்தப் பேச்சே இல்லை."

டாக்டர் கொதிநீரிலிருந்து ஊசியை எடுத்தார். பிள்ளை அதைப் பார்த்தார், மருந்துச் சீசாவைப் பார்த்தார். சீசாவில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. நயினார் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்லுக வே?"

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"கேக்கேன்."

"போட்டுக்கிடுங்க."

பிள்ளை துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு இடது கையை நீட்டினார். ஊசி கிட்டே வந்ததும் இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி இழுத்துக்கொண்டார். கடைசியில் நயினார் வந்து முழங்கையைப் பிடித்துக்கொள்ள, ஊசி இறங்கியது. வலி தெரியாமலிருக்கக் கண்ணை மூடிக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை மூடவில்லை. மூடின நேரத்தில் வெறும் தண்ணீரை ஏற்றிவிட்டால் யார் கண்டது? கடைசிச் சொட்டு இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.