எதிர்ப்பக்கம் மடிந்த இலை

என் உடம்புக்குப் பால்வண்ணம் என்றொரு காவலாளி இருக்கிறார். நான் பிறந்த அன்றே வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு சளியைக்கூடச் சும்மா விட்டதில்லை. தங்கமான மனிதர். போன ஆடியில் அவருக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"உள்ள ஒருத்தன் சுருண்டு படுத்துக் கெடக்கான், மொதலாளி."

"அது என் கொடலுய்யா."

"களவாணியப் புடிச்சா ஒடனே ஒரு சொந்தக்காரன் வந்துருதான்," என்று தடியை எடுத்தார்.

அன்றிலிருந்து அடிக்கிறார். வெளிக்குப் போனால் ரத்தமாகப் போகிறது. அவரை வேலையை விட்டு நிறுத்த முடியாது என்றார் டாக்டர். தூங்க வைக்க மாத்திரை கொடுத்தார். பால்வண்ணம் தூங்கினார். வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்து நிமோனியா பெட்டி படுக்கையோடு வந்து தங்கியது. மாத்திரையைக் குறைத்தார்கள். அவர் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடித்தார்.

எனக்கு ஒரே ஆசைதான். மகள் கோமதியின் கல்யாணப் பந்தியில் சம்பந்தியோடு உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட வேண்டும். பெண்ணைப் பெற்றவன் அதுகூடச் செய்யாவிட்டால் என்ன மனிதன்?

இலை போட்டார்கள். பால்வண்ணம் என் தொண்டை வழியாக ஏறி வெளியே வந்து, எனக்கு எதிரே நின்றார். பரிமாறுகிறவர் அவரைச் சுற்றிப் போய்ச் சாம்பார் ஊற்றினார்.

"கூச்சப்படாமச் சாப்டுங்க, சம்மந்தி," என்றார் பக்கத்தில் இருந்த சம்பந்தி குருவையா.

சோற்றைப் பிசைந்து எடுத்தேன். பால்வண்ணம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள இருக்கவனுக்குச் சோறு கொண்டு போறீயளோ?"

"எனக்குய்யா."

"ரெண்டும் ஒண்ணுதான்."

இலையை மடித்தார். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். முறை தெரிந்தவர், தன் பக்கமாகத்தான் மடித்தார். ஆனால் எதிரே அல்லவா நின்றார். எனக்கு அது எதிர்ப்பக்கம். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்.

நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தை வைத்துவிட்டுச் சங்கை எடுத்தார்.

"நல்ல மனுசன்," என்று குருவையா என்னிடமே சொன்னார். "பாவம், ஒருவாய் சாப்புடல."

மணக்கோலத்தில் மகள் வந்தாள். "கோமதி," என்று எழுந்தேன். பால்வண்ணம் தடியைக் குறுக்கே நீட்டினார்.

"இந்த ஆளத் தெரியுமாம்மா?"

அவள் மடிந்த இலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா மாதிரியே இருக்காவ," என்றாள். கண் கலங்கியிருந்தது. "அதான் பாக்க முடியல. வெளிய அனுப்பிருங்க."

பால்வண்ணம் மரியாதையாகத்தான் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே திரும்பிப் போய், சம்பந்தி பக்கத்தில் என் இடத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் புது இலை போட்டார்கள். கோமதியே குனிந்து பரிமாறினாள்.

நான் தெருவில் நின்று பார்த்தேன். வயிறு வலிக்கவில்லை. ஆடிக்குப் பிறகு முதல் முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது.