அலுமினிய நாலணா

கனகவல்லியின் டின்னில் டோக்கன் நிரம்பி வழிந்தது. அது ஏன் என்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

காலையில் மீன்கடை விரித்ததும், வாங்குகிறவர்களுக்கு மீதிச் சில்லறையாக டோக்கன்களைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். சாயங்காலம் பார்த்தால், போனதைவிட அதிகமாகத் திரும்பி வந்திருக்கும். போன வருஷமெல்லாம் டின்னின் அடி மறைந்தாலே பெரிய விஷயம். இந்த ஆடி பிறந்ததிலிருந்து மூடி உட்கார மாட்டேன் என்கிறது. மீனும் அதே மீன், வாங்குகிற முகங்களும் அதே முகங்கள். டோக்கன் மட்டும் எங்கே குட்டி போடுகிறது?

அது சில்லறைக்குப் பஞ்சம் வந்த காலம். நாலணா, எட்டணா கண்ணில் படுவதே அபூர்வம். மளிகைக் கடையில் மீதிக்குப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார்கள். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, மார்க்கெட்டுக்குப் போகும் சந்தின் கடைக்காரர்கள் மிட்டாய் கொடுத்துக் கொடுத்து வசவு வாங்கி அலுத்துப்போய், தங்களுக்குள் பொதுவாக ஒரு டோக்கன் போட்டார்கள். சட்டைப் பொத்தான் அளவில் ஓர் அலுமினிய வில்லை. ஒன்று நாலணா. சந்துக்குள் எந்தக் கடையிலும் செல்லும். சந்தைத் தாண்டினால் வெறும் தகரம்.

அதற்கு மதிப்பு வந்த விதம் எளிமையானது. ரப்பர் ஸ்டாம்பு கடை லாசரஸ் சாரிடம் ஒரு பெட்டி இருந்தது; அதன் சாவியைக் கடைக்காரர்கள் சங்கம்தான் அவரிடம் கொடுத்து வைத்திருந்தது. பத்து ரூபாய் நோட்டை அவரிடம் கொடுத்தால் நாற்பது வில்லை தருவார். நோட்டு பெட்டிக்குள் போகும். நாற்பது வில்லையைத் திருப்பினால் அதே நோட்டு வெளியே வரும். ஆகவே வெளியே எத்தனை டோக்கன் உலவுகிறதோ, அத்தனைக்கும் நோட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கையில்தான் தகரம் காசாயிற்று.

லாசரஸ் சார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் காசைத் தொடாதவர் என்று பெயர். ஆரம்பத்தில் அவரே ஒரு தடவை, "பெட்டியை வந்து பாத்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டார். சந்து சங்கத் தலைவரான டீக்கடை கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உங்களப் போயி செக் பண்றதா சார்? நாக்கு அழுவிப் பூடும்!" அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கச் சொல்வது அந்த மனிதரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம் என்று சந்தே நினைத்தது.

இப்போது மூன்று நாளாகக் கனகவல்லி டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு போய் நிற்கிறாள். மூன்று நாளும் அவர் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வாம்மா" என்றார்.

நாளைக்கு என்றால் அவளுக்கு நாளைக்கு இல்லை. விடியற்காலையில் கோவளம் கரையில் ஏலம். ஏலக்காரர் பாலகுரு இன்று காலையிலேயே சொல்லிவிட்டார்: "ரெண்டு நாளு பொறுத்துட்டேன். உங்க தாம்பரத்துத் தகரத்த வச்சு நான் வலை வாங்க முடியாது. நாளைக்கு நோட்டு இல்லன்னா கூடை கெடையாது." இரண்டு நாள் கூடை தவறினால் அவளுடைய இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் கரையின் வழக்கம்.

நேராகக் கோதண்டத்தின் கடைக்குப் போனாள்.

"எவனோ டூப்ளிகேட் அடிக்கிறான்க்கா," என்றார் கோதண்டம். "பாத்திரக்கடைக்காரன் மேலதான் எனக்கு டவுட்டு."

டோக்கன்களை மேஜையில் கொட்டினார்கள். மருந்துக்கடை ரமாவும் வந்து குனிந்து பார்த்தாள். லாசரஸ் சாரின் அச்சு ஒரு நட்சத்திரம். அதில் ஒரு முனை உடைந்திருக்கும். அந்த உடைசலை வேறு யாரும் கொண்டுவர முடியாது. எடுத்த வில்லை ஒவ்வொன்றிலும் முனை உடைந்தே இருந்தது.

"எல்லாமே ஒரிஜினல்தான்," என்றாள் ரமா மெதுவாக.

"அப்பிடின்னா எல்லாம் ஏன் என்னாண்டயே வந்து குந்திக்கினு கீது?"

"அக்கா, உங்க கையில காசும் இருக்கு, டோக்கனும் இருக்கு. எதை முதல்ல கொடுப்பீங்க?"

"டோக்கனத்தான்."

"எல்லாரும் அப்படித்தான். நானும் கோதண்டம் அண்ணாவும் சரக்குக்கு மாசக் கடைசியிலதான் பணம் கட்டறோம். அதுவரைக்கும் டோக்கன் எங்க கல்லாவிலே தூங்கலாம். நீங்க ஒருத்தர்தான் தினமும் வெளியில ரொக்கம் கொடுக்கறவங்க. அதனால கூடுதலா வந்த டோக்கன் உங்ககிட்டதான் முதல்ல தெரியுது. மழை பெய்ஞ்சா பள்ளத்து வீட்டுலதானே முதல்ல தண்ணி நிக்கும்?"

டோக்கன் கூடியிருக்கிறது. எல்லாமே நிஜம். அப்படியானால் நோட்டு வாங்காமல் டோக்கனை வெளியே விட்டது ஒரே ஒருவர்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்டாம்பு கடை வாசலில் சந்தே கூடிவிட்டது. கோதண்டத்தின் குரல்தான் முன்னால் நின்றது. "பெட்டியத் தொறங்க சார்! நம்பிக் குட்த்தா இன்னா வேலை பண்ணிக்கினு கீறீங்கோ?"

லாசரஸ் மறுபேச்சில்லாமல் திறந்தார். உள்ளே நோட்டுகள் கையளவுதான் கிடந்தன.

"கோதண்டம், கூழ் ஊத்தற செலவுக்குன்னு ஆடி வெள்ளியில டோக்கன் வாங்கினியே, நோட்டு வெச்சியா?"

கோதண்டம் ஓர் அடி பின்வாங்கினார். "அது... அடுத்த வாரம் தரேன்னு..."

"ரமா, கடைக்குப் புது அலமாரி போட்டப்போ?"

ரமா தலை குனிந்தாள். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். தனக்கு மட்டும்தான் கொடுத்தார், கொஞ்சம்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பார்வை கனகவல்லியிடம் வந்து, தாண்டிப் போய்விட்டது.

அது அவளுக்குத் தாங்கவில்லை. "எனுக்கும் குட்த்தாரு," என்றாள் சத்தமாக. "கடலு கொந்தளிச்சி படகு போவாதப்போ. நானும் நோட்டு வெக்கல."

"ஏன் சார், முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார் கோதண்டம். இப்போது குரலில் முறுக்கு இல்லை.

"யார்கிட்ட? சாவி கொடுத்ததே நீங்கதான். காலையில உனக்கு இல்லைன்னு சொன்னா சாயங்காலம் கூட்டம் போட்டு சாவியைப் பிடுங்குவே. அடுத்து வர்றவர் கேட்டதெல்லாம் கொடுப்பார். அதைவிட நானே கொஞ்சமாக் கொடுக்கலாம்னு நெனச்சேன். தப்பு. குறையறப்போ என் பென்ஷனைப் போட்டு ரொப்பினேன். இந்த மாசம் அதுவும் முடியல."

தூரத்தில் பீச் பக்கம் போகும் எலெக்ட்ரிக் டிரெயின் ஊதிக்கொண்டு கிளம்பியது.

"சாவிய வேற ஆளுக்கு மாத்திடலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாத்தினா?" கனகவல்லி திரும்பினாள். "அந்த ஆளாண்டயும் நாமதான போயி நிப்போம்? சாரு கையக் கட்டிப் போட்டதும் நாமதான். மருவாதின்னு சொல்லிக் கண்ணக் கட்டிக்கினதும் நாமதான். ரெண்டையும் அவுக்கணும். ஒண்ண மட்டும் அவுத்தா பேஜார்தான். கேக்கறவங்கள்லாம் அதிகாரம் பண்ணா பெட்டி காலியாவும். யாருமே கேள்வி கேக்கலன்னா, பெட்டி காலியானதே தெரியாது."

லாசரஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெட்டியில் இருந்த நோட்டுகளை அப்படியே எடுத்து அவள் முன்னால் வைத்தார். கோதண்டம் கல்லாவில் இருந்த ரொக்கத்தைக் கொண்டுவந்து மேலே சேர்த்தார். ஒரு கூடைக்குத் தேறும். நாளைய ஏலத்துக்கு அது போதும்.

அங்கேயே நின்றபடி முடிவு செய்தார்கள். அவரவர் வாங்கியதற்கு மாதக் கடைசிக்குள் நோட்டு வைக்க வேண்டும். அதுவரை புது டோக்கன் கிடையாது. அதன் பிறகும், சங்கத் தலைவரே வந்து நின்றாலும், நோட்டு இல்லாமல் டோக்கன் இல்லை. இல்லை என்று சொன்னதற்காக வருஷம் முடியும்வரை லாசரஸ் சாரிடமிருந்து சாவியை யாரும் வாங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் முடிந்து வந்ததும் அவர் சந்து நடுவில் பெட்டியைத் திறக்க வேண்டும். வெளியே உள்ள டோக்கன் எவ்வளவு, உள்ளே உள்ள நோட்டு எவ்வளவு என்று கடைக் கதவில் சாக்பீஸால் எழுத வேண்டும். யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அதற்கு மட்டும், அன்றைக்கே சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.